அல்பீனா குபாத் பெயர் கொடுக்காமல் திரும்பிய நாள்

“எந்த ஊர்ல பொறந்தவங்க?” என்று டொனவன் கேட்டார்.

நான் அதைச் செக் மொழியில் அல்பீனாவிடம் கேட்டேன். பதில் எனக்கே தெரியும். ஆனால் வாக்காளர் பெயர் பதிகிற மேசையில் மொழிபெயர்ப்பவள் தானாக எதையும் சொல்லக் கூடாது என்று காலையிலேயே எச்சரித்திருந்தார்கள்.

“நெப்ராஸ்கான்னு சொல்லு. இந்த நாட்டுலயே பொறந்தவள்னு கொஞ்சம் சத்தமாவே சொல்லு. பின்னாடி நிக்கறவங்களுக்கும் கேக்கட்டும்.”

சொன்னேன். டொனவன் பேனாவை மையில் தோய்த்தார். “அப்ப சிக்கலே இல்லை. வயசு?”

வரிசையில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் கழுத்தை நீட்டினார்கள். முடிதிருத்தும் கடையில்தான் எங்கள் பகுதிக்குப் பதிவு. நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பெரிய கண்ணாடிக்கு முன்னால் மேசை போட்டிருந்தார்கள். வயதைச் சொல்கிறவள் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டும். சற்று முன்பு ரொட்டிக்கடைக்காரி முப்பத்தொன்று என்று சொல்ல, பின்னாலிருந்து ஒருத்தி, “என் மக கல்யாணத்தப்பவும் உனக்கு முப்பத்தொண்ணுதானே? இப்ப அவளுக்கே மூணு பிள்ளை!” என்று கேட்டுவிட்டாள். கடையே அதிர்ந்தது.

“இருபத்தொம்பது. இதுல ஒளிக்கறதுக்கு என்ன இருக்கு?” என்றாள் அல்பீனா.

“வீட்டுக்காரர் பேரு?”

“மத்யாஷ் குபாத்.”

டொனவன் முகம் மலர்ந்தது. “நம்ம குபாத்தா? மரக்கிடங்குல வேலை பாக்கற ஆளு, பேண்டு வாத்தியத்துல அந்தப் பெரிய பித்தளைக் குழல் ஊதுவாரே? தங்கமான மனுஷன். தேர்தல்னா கறுப்புக் கோட்டு போட்டுக்கிட்டு முதல் ஆளா வந்து நிப்பாரு.”

அல்பீனாவுக்கு அது பிடித்திருந்தது. “அந்தக் கோட்டைச் சாவுக்கும் ஓட்டுக்கும்தான் பெட்டியிலேருந்து எடுப்பாருன்னு சொல்லு.”

“அவர் எங்க பொறந்தவரு?”

“பொஹீமியா. தாபோர் பக்கம்.” ஆஸ்திரியா ராஜாவின் ஆட்சியில் இருந்த எங்கள் செக் நாடு அது.

“குடியுரிமை எந்தக் கோர்ட்டுல வாங்கினாரு?”

அவள் பலமுறை சொல்லி மகிழ்ந்த கதை அது. என் பக்கம் நன்றாகத் திரும்பி நின்றுகொண்டாள். “வில்பர் கோர்ட்டுல. எங்க ஊர்தான். அவரு வந்து எறங்கி ஒரு அறுவடைகூட முடியலை, எங்க அப்பாவே கூட்டிட்டுப் போயிட்டாரு. கையைத் தூக்கி, ஆஸ்திரியா ராஜா இனிமே என் ராஜா இல்லைன்னு சொன்னாரு. வெளியில வந்து ஆளுக்கொரு பீர் குடிச்சாங்க. அந்த நவம்பர்லயே ஓட்டுப் போட்டாரு.”

டொனவனின் பேனா நின்றது. “வந்த வருஷமேவா?”

“ஆமா.”

“அப்புறம் ரெண்டாவது தடவை போனாரா? சாட்சி ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு, ஜட்ஜு முன்னாடி?”

நான் கேட்டேன். அல்பீனா கையை வீசினாள். “ரெண்டாவது தடவை எதுக்கு? ஒரு தடவை சத்தியம் பண்ணினது போதாதா? வாரா வாரம் பாதிரியார்கிட்ட போய் அழற கூட்டமா நாங்க?”

டொனவன் அயர்லாந்துக் கத்தோலிக்கர், தவறாமல் பாதிரியாரிடம் பாவமன்னிப்புக் கேட்கிறவர். கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டு, “போகலையாம்” என்று மட்டும் சொன்னேன்.

அவர் சற்றே முன்னால் குனிந்தார். இன்னொரு எழுத்தர் குளிர்காய அடுப்பருகே போயிருந்தார். “பாப்பா, நெப்ராஸ்காவுல முதல் காகிதம் இருந்தாலே ஓட்டுப் போட விடுவாங்க. அது அந்த ஊர்ச் சட்டம். இங்க அப்படி இல்லை. முதல் காகிதம்னா, குடிமகன் ஆகப்போறேன்னு சொல்றது. ஆயிட்டேன்னு இல்லை. அந்த ஆளு இன்னும் ஆஸ்திரியாக்காரர்தான். அவரைக் கட்டினதால இந்தம்மாவும் ஆஸ்திரியாக்காரி.”

“இவங்க இங்கயே பொறந்தவங்க” என்றேன்.

“வெள்ளை மாளிகையிலயே பொறந்திருக்கட்டுமே. பொண்டாட்டி எப்பவும் புருஷன் நாடு. ஏழு வருஷம் முன்னாடி வாஷிங்டன்ல போட்ட சட்டம். கல்யாணம் அதுக்கப்புறம்தானே?”

அதற்குப் பிறகுதான். குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் அல்பீனாவுக்குச் சொன்னேன். வரிசையில் இருந்தவர்களுக்கு இங்கிலீஷ் புரியாது. என் செக்கும் அவர்கள் காதில் விழாதபடி பார்த்துக்கொண்டேன்.

“யாருடி ஆஸ்திரியாக்காரி?” என்றாள், நானே அந்தச் சட்டத்தைப் போட்டவள் போல.

அவள் முகம் போன போக்கைப் பார்த்து டொனவன் மறுபடி பேனாவை எடுத்தார். நல்ல மனிதர்தான், தன் வழக்கப்படி நல்லவர். “சரி சரி, விடுங்க. நெப்ராஸ்காவுல பொறந்தவங்க. அதுக்கு மேல நான் எதுவும் கேக்கலை, நீங்க எதுவும் சொல்லலை. குபாத்து நம்ம ஆளு. எழுதிக்கறேன். ஏப்ரல்ல கவுன்சிலரை மட்டும் ஞாபகம் வச்சுக்கச் சொல்லு.”

இதையும் சொன்னேன். அவள் பதிவேட்டை அவர் பக்கமே தள்ளினாள். பிறகு தனக்குத் தெரிந்த கொஞ்ச இங்கிலீஷில், என் உதவி இல்லாமலே, “எழுத வேணாம் ஐயா” என்றாள்.

சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வரிசையைக் கடந்தாள். “என்ன குபாத்தம்மா, வயசு பத்தலைன்னு திருப்பிட்டானா?” என்றாள் ரொட்டிக்கடைக்காரி. எல்லோரும் சிரித்தார்கள். அல்பீனாவும் சிரிக்கப் பார்த்தாள். “அடுப்புல சூப்பு வச்சது மறந்தே போச்சு” என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

அது 1914, பிப்ரவரி. இல்லினாய் பெண்களுக்கு நகரசபைத் தேர்தலில் ஓட்டு உண்டு என்றான பிறகு சிகாகோவில் நடந்த முதல் பெரிய பதிவு. கடைக்குள் நின்றவர்களில் பாதிப் பேரை மாடி மாடியாக ஏறி இறங்கி இழுத்து வந்தவள் அல்பீனா. சூப்பு காரணத்தை அவர்களில் ஒருத்தியும் நம்பவில்லை.

அவளை நான் முதலில் அறிந்தது ஒரு வாளியால். எங்கள் வீடுகளுக்குப் பின்னால் ஓடும் சந்தில் மரப்பெட்டிகளில் குப்பை வழிந்து, கோடையில் ஈ மொய்த்துக் கிடக்கும். நகரசபை வண்டி தேர்தல் மாதத்தில்தான் ஒழுங்காக வரும். ஒரு ஜூலை காலையில் கதவைத் தட்டி, “நீதானே ரெண்டு பாஷை படிச்ச பொண்ணு? வா” என்றாள். நகரப் பள்ளியில் இங்கிலீஷும், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆட்கள் நடத்திய பள்ளியில் செக்கும் படித்தவள் நான். யாரிடமும் அதிகம் பேசாதவள். அவள் கையில் புழு நெளியும் வாளி இருந்தது. கவுன்சிலர் அலுவலகத்துக்குப் போய் அதை மேசை மேல் வைத்தாள். “உங்க வண்டிக்காரன் எங்க சந்துல மறந்துட்டுப் போயிட்டான். பத்திரமாக் கொண்டாந்து குடுத்திருக்கேன்னு சொல்லு.” சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, ஆனால் சொன்னேன். மறுநாள் வண்டி வந்தது. அதற்குப் பிறகு எங்கே போனாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

நெப்ராஸ்காவில் அவள் வளர்ந்த இடத்தில் கடைக்காரர், வைத்தியர், புதைகுழி வெட்டுகிறவர் வரை எல்லோரும் செக் பேசுகிறவர்கள். இங்கிலீஷ் தேவைப்படவில்லை. கைக்குழந்தையாகக் கப்பலில் வந்த நான் இந்த நாட்டு மொழியைப் பேச, இந்த மண்ணில் பிறந்த அவள் என் வாயை நம்பியிருந்தாள். அதில் அவளுக்கு ஒரு கூச்சமும் கிடையாது. “நான் இந்த நாட்டுக்காரி. எந்த பாஷையில பேசினாலும் அமெரிக்கப் பேச்சுதான்” என்பாள்.

வீட்டில் உட்கார்ந்து கோட்டுகளுக்குப் பொத்தான் துளை தைப்பது அவள் தொழில். தைத்துக்கொண்டே பேசுவாள். குப்பையிலிருந்து கவுன்சிலருக்கும், கவுன்சிலரிலிருந்து அவரைத் திரும்பத் திரும்ப ஜெயிக்க வைக்கும் கள்ள ஓட்டுக்கும் அவள் பேச்சு போனது. காகிதம் இல்லாத ஆட்களையும் விடுதியில் தங்குகிறவர்களையும் கூட்டி வந்து ஓட்டுப் போட வைப்பார்கள், ஊருக்கே தெரியும். எங்களைப் போல் குடியேறியவர்களுக்காகச் சேவை இல்லம் நடத்திய, செக் தெரியாத மிஸ் ஹாதர்லி தன் மகளிர் சங்கத்தில் அவளைப் பேச அழைத்தார். அல்பீனா எழுந்து நின்று, “குப்பை எங்க சந்துல இல்லை, ஓட்டுப் பெட்டியில இருக்கு. கள்ள ஓட்டுப் போடறவனைப் பிடிச்சு உள்ள தள்ளணும்” என்றாள். அந்தப் பேச்சைப் பிறகு பல மேடைகளில் பேசினாள். மத்யாஷ் வேலை முடிந்து நேராக வருவார். கூட்டம் தொடங்குமுன் பேண்டு வாத்தியத்தோடு சேர்ந்து தன் குழலை ஊதிவிட்டு, அதை மடியில் வைத்துக்கொண்டு மனைவி பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

பதிவுக்கு முந்தின மாதம், ஜனவரியில், எங்கள் செக் ஆட்களின் மன்றத்தில் நடந்த கூட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பதிவு நாளன்று பெண்கள் ஊர்வலமாகப் போவது என்று முடிவானது. அல்பீனாவின் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் குடியிருந்த ஃபிலோமேனா தூமா கையை உயர்த்தினாள். அவள் கணவன் இரும்பு வார்ப்படச் சாலையில் வேலை செய்பவன். ஒரு நாள் லீவு கேட்டால் மறுநாள் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்பான்.

“எங்க வீட்டுக்காரர் இன்னும் காகிதம் வாங்கலை. எனக்கு ஓட்டு இல்லை. ஊர்வலத்துல மட்டும் நடந்து வரலாமா?”

“வரலாமே” என்றாள் அல்பீனா. “ஆனா பின்னாடி வா. இத்தனை வருஷம் இந்த ஊர் ரொட்டியைத் தின்னுட்டு, ஒரு நாள் கோர்ட்டு வாசல்ல நிக்கத் துப்பில்லாதவன் பொண்டாட்டி முன்னாடி நடந்தா, எங்க எல்லாரையும் அந்தக் கணக்குலயே சேர்த்துடுவாங்க.”

மன்றம் சிரித்தது. மிஸ் ஹாதர்லி என்ன என்று கேட்க, நான் சொன்னேன், அவரும் சிரித்தார். ஃபிலோமேனா கையை இறக்கிக்கொண்டாள். கூட்டம் முடிவதற்குள் அவள் இடம் காலியாக இருந்தது. ஊர்வலத்துக்கு வரவில்லை.

பதிவு நாளன்று நான் பின்னாலேயே ஓடிப்போய்ப் பாலத்தருகே அல்பீனாவைப் பிடித்தேன். பனியில் தொப்பி இல்லாமல் நடந்துகொண்டிருந்தாள்.

“நீ கொடுத்துவச்சவ” என்றாள் என்னைப் பார்க்காமல். “அப்பனும் காகிதம் வாங்கிட்டாரு, புருஷனும் இல்லை. உனக்கு ஓட்டு இருக்கு.”

“அக்கா, சட்டம் அப்படி. நீங்க என்ன பண்ணுவீங்க?”

“சட்டத்தைப் பத்தி நான் பேசலை. சிகாகோ வந்ததுலேருந்து அவரு போட்ட ஒவ்வொரு ஓட்டும் கள்ள ஓட்டு. நான் மேடையில நின்னு உள்ள தள்ளணும் உள்ள தள்ளணும்னு கத்தினது யாரை? தினம் எனக்கு ரொட்டி அறுத்துக் குடுக்கற மனுஷனை.” கொஞ்ச தூரம் போனதும், “அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாரு. அந்தக் கோட்டுக்கு அவரே பிரஷ் போட்டு மாட்டி வைப்பாரு தெரியுமா?” என்றாள்.

அதன் பிறகு அவள் சங்கத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

காரணம் தெரியாதபோது பெண்களே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள்: புருஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். ஒவ்வொரு வீட்டிலும் நடப்பதுதானே. கசகசா வைத்த கொலாச்சு ரொட்டியைத் தட்டில் மூடிக்கொண்டு அவளைப் பார்க்கப் போனார்கள். “மேல பாத்தா சாதுதான். இந்த ஊமை ஆம்பளைங்களை நம்பவே கூடாதும்மா” என்று ரொட்டிக்கடைக்காரி சமாதானம் சொன்னாளாம். அல்பீனா மறுக்கவில்லை. தட்டை வாங்கி வைத்துக்கொண்டு, “என்ன பண்றது” என்றாள். தன் வாழ்க்கையிலேயே தான் சொன்ன அசிங்கமான வார்த்தை அதுதான் என்று பின்னால் ஒருநாள் என்னிடம் சொன்னாள். கள்ள ஓட்டுக்குக்கூட ஏதாவது காரணம் சொல்லலாமாம், இதற்கு இல்லையாம்.

பெண்டாட்டியை அடக்கி வைத்திருக்கிறார் என்ற அந்தப் பேச்சு மத்யாஷ் மாலையில் குடிக்கப் போகும் கடைக்கும் எட்டியது. பேண்டு வாத்தியக்காரர்கள் அவர் உள்ளே வந்ததும் எழுந்து குனிந்து, “மாட்சிமை தங்கிய சக்கரவர்த்தி வர்றாரு, வழி விடுங்கடா” என்பார்கள். முதலில் அவரும் சிரித்தார். காரணம் புரியவில்லை, கேட்கிற சுபாவமும் இல்லை. பிறகு கடைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்.

மார்ச் மாதத்தில் மிஸ் ஹாதர்லி என்னை அழைத்தார். “திருமதி குபாத்தை மீட்டே ஆகணும். அவர் கணவர்கிட்ட நானே பேசறேன். நீ வந்து மொழிபெயர்த்துக் குடு.” முடியாது என்று சொல்ல எனக்கு ஒரு நல்ல பொய் கிடைக்கவில்லை.

நாங்கள் போனபோது மத்யாஷ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மரச்சிராய் ஏறிய விரல்களைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்து, மிஸ் ஹாதர்லிக்குத் தன் நாற்காலியைக் கொடுத்தார். அல்பீனா அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றாள். மிஸ் ஹாதர்லி முதலில் அவர் குழல் வாசிப்பைப் பாராட்டினார். பிறகு குரல் மாறியது. புது நாட்டில் ஆண்மை என்பது மனைவியை அடக்குவது அல்ல என்றும், ஐரோப்பாவின் பழைய வழக்கங்களைத் துறைமுகத்திலேயே விட்டு வர வேண்டும் என்றும் சொன்னார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நின்று என்னைப் பார்த்தார். நான் ஒவ்வொன்றையும் சொன்னேன்.

மத்யாஷ் கவனமாகக் கேட்டார். “அம்மா யார் வீட்டைப் பத்திப் பேசறாங்க?” என்று என்னைக் கேட்டார்.

“உங்களைப் பத்தித்தான். அக்கா பேர் பதியக் கூடாதுன்னு நீங்க தடுத்துட்டதா…”

“நானா? நான் எப்ப தடுத்தேன்? நான்தானே அன்னிக்குக் காலையில இவளோட பூட்ஸுக்கு மெருகு போட்டுக் குடுத்தேன்?” மனைவியின் முதுகைப் பார்த்தார். “அல்பீனா. கடையில எல்லாரும் என்னைக் கும்பிடறாங்களே, அது இதுக்கா? நீ ஏன் ஒண்ணும் சொல்லலை?”

அவள் பானை மூடியைத் தூக்கி, உள்ளே பார்க்காமலே மூடினாள்.

அவர், முற்றிலும் வேறு குரலில், “என் காகிதமா?” என்றார்.

அவள் சட்டென்று திரும்பினாள். “உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எப்பலேருந்து?”

“இங்க வந்த முதல் தேர்தல்லயே. கவுன்சிலரோட ஆளு ஒருத்தன் பாத்துட்டுச் சொன்னான், இது பாதிதான், இன்னொண்ணு வேணும்னு. ஆனா கவலைப்படாதே, நாங்க பாத்துக்கறோம், நீ வந்து போடுன்னான்.” உட்கார நாற்காலி இல்லாமல் சுவரில் சாய்ந்துகொண்டார். “உங்க அப்பாகிட்ட நான் அமெரிக்காக்காரன்னு சொல்லித்தானே உன்னைக் கேட்டேன். இல்லைன்னு எப்படி வந்து சொல்வேன்? இந்த வருஷம் போய் வாங்கிடலாம், அடுத்த வருஷம் வாங்கிடலாம்னு இருந்துட்டேன். அப்புறம் நீ மேடையில பேச ஆரம்பிச்சுட்டே.”

“நான் பேசினதை எல்லாம் அங்க உக்காந்து கேட்டீங்களே!”

“கேட்டேன்.”

“எப்படிங்க உக்கார முடிஞ்சுது?”

அவர் காதுவரை சிவந்துபோயிருந்தார். பெரிய உடம்புக்காரர் ஒருவர் தன் வீட்டிலேயே எங்கே நிற்பது என்று தெரியாமல் நிற்பதை நான் அன்றுதான் பார்த்தேன்.

“என்ன சொல்றார்?” என்று மிஸ் ஹாதர்லி ஆவலோடு கேட்டார்.

அல்பீனா என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை மெல்ல ஆட்டினாள். “குடும்ப விஷயம். அவங்களே பேசி முடிச்சுப்பாங்க” என்றேன். மிஸ் ஹாதர்லி எல்லாம் புரிந்தவர் போல எழுந்தார். படியிறங்கும்போது என் தோளைத் தொட்டு, “பார்த்தியா, எப்படித் தலை குனிஞ்சு நின்னான்! விதை போட்டாச்சு” என்றார்.

ஏப்ரலில் தேர்தல் வந்தது. எங்கள் தெருப் பெண்கள் ஈஸ்டர் தொப்பிகளை முன்கூட்டியே எடுத்துப் போட்டுக்கொண்டு, கைகோத்துச் சிரித்துக்கொண்டு ஓட்டுப் போடப் போனார்கள். நானும் போனேன். அல்பீனா குடியிருந்த கட்டடத்தில் மிஞ்சியவர்கள் இரண்டே பெண்கள். அங்கே நடந்ததை அல்பீனா அன்று மாலையே எனக்குச் சொன்னாள்.

அவள் சாம்பல் வாளியோடு கீழே இறங்கியிருக்கிறாள். ஃபிலோமேனா படியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“நீங்க போகலையா குபாத்தம்மா? முன்னாடி நடக்க ஆள் வேணுமே அவங்களுக்கு.”

அல்பீனா வாளியைக் கீழே வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். வில்பர் கோர்ட்டு, முதல் காகிதம், டொனவன், மத்யாஷ் எல்லாம். “நானும் உன்னை மாதிரிதான். உன்னைவிட மோசம். உன் வீட்டுக்காரர் இல்லாததை இருக்குன்னு சொல்லலை. உன்னை அன்னிக்கு அப்படிப் பேசினதுக்கு என்னை மன்னிச்சுக்கோ.”

ஃபிலோமேனா துடைப்பதை நிறுத்தாமல் கேட்டாள். கேட்டு முடித்ததும் துணியைப் பிழிந்தாள்.

“என்னைப் பேசினது மன்றத்துல. எல்லாரும் சிரிச்சாங்க. கதவை எப்படித் தொறந்து வெளிய வந்தேன்னே எனக்குத் தெரியலை. நீங்க இதை எங்க வந்து சொல்றீங்க? ஊரே வெளிய போயிருக்கற நேரம் பாத்து, மாடிப்படியில. கொஞ்சம் நகருங்க, அந்தப் படி இன்னும் காயலை.”

அவ்வளவுதான். அல்பீனா வாளியை எடுத்துக்கொண்டு மேலே ஏறிவிட்டாள்; சாம்பலைக் கொட்டவே இல்லை.

“அவ சொன்னது நியாயம்” என்றாள் என்னிடம். “ஆனா மன்றத்துல சொன்னா? எனக்கு ஓட்டு இல்லைன்னு நான் சொல்ற நிமிஷமே, அவரு போட்டது என்ன ஓட்டுன்னு எல்லாருக்கும் புரிஞ்சுடும். கேஸு போடலாம். உள்ள வைக்கலாம். என் மனசு லேசாகறதுக்கு அவரைக் கொண்டு போய்க் குடுக்கறதா?”

மத்யாஷ் மேசையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். அன்று காலை பழக்கத்தில் கறுப்புக் கோட்டை மாட்டியவர், அதைக் கழற்ற மறந்து அதோடேயே உட்கார்ந்திருந்தார். காலையில் கவுன்சிலரின் ஆள் கூப்பிட வந்தபோது, வரவில்லை என்று கதவுக்கு உள்ளிருந்தே சொல்லி அனுப்பிவிட்டாராம்.

“சொல்லிடு” என்றார்.

“உங்களை யாராவது பிடிச்சுக் குடுத்தா?”

“குடுக்கட்டும். குழலை மடியில வச்சுக்கிட்டு நீ பேசறதைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேனே, அதைவிட ஜெயில் ஒண்ணும் கஷ்டமா இருக்காது.” ஒரு கிழங்கை முழுதாக உரித்து முடித்தார். “திங்கக்கிழமை கோர்ட்டுக்குப் போறேன். முதல்லேருந்து ஆரம்பிக்கணும்னு சொன்னா ஆரம்பிக்கறேன். ஆனா நீ அதுக்காகக் காத்திருக்காதே. காத்திருந்து காத்திருந்துதான் நான் இப்படி ஆனேன்.”

அந்தத் தேர்தலில் பழைய கவுன்சிலரே ஜெயித்தார். ஆனாலும் முதல் ஓட்டுப் போட்ட மகிழ்ச்சியைக் கொண்டாட ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மன்றத்தில் கூட்டம் வைத்திருந்தார்கள். அல்பீனா பேச வருகிறாள் என்று தெரிந்ததும் மிஸ் ஹாதர்லிக்குத் தலைகால் புரியவில்லை. நகரின் வடக்குப் பக்கத்திலிருந்து தோழிகள் சிலரை அழைத்து வந்து முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தார். விதை முளைத்துவிட்டது என்று எண்ணினார் போலும். ஃபிலோமேனா வந்திருக்கிறாளா என்று அல்பீனா என்னை உள்ளே பார்த்துவரச் சொன்னாள். வந்திருந்தாள். கணவனோடு கடைசிப் பெஞ்சில், கதவுக்குப் பக்கத்தில். அந்தப் பெஞ்சின் மறுகோடியில் மத்யாஷ் உட்கார்ந்திருந்தார். கையில் குழல் இல்லை. இரண்டு குடும்பங்களுக்கும் நடுவில் யாரும் உட்காரவில்லை.

சொன்னேன். அல்பீனா மன்றத்தின் வெளிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் நகரவில்லை. என் கையைப் பிடித்தாள்.

“நீ எனக்கு முன்னாடி உள்ள போ. நேரா ஹாதர்லி அம்மாகிட்ட போய், இங்கிலீஷ்ல நல்லாப் புரியற மாதிரி சொல்லு. நான் என்ன பேசப் போறேன்னு அவங்களுக்குத் தெரியாது. பேசி முடிச்சதும் அந்த அம்மாக்கள் எல்லாம் எழுந்து நிப்பாங்க. எவ்வளவு தைரியமான பொம்பளைன்னு சொல்லிக் கை தட்டுவாங்க. அன்னிக்கு அந்தச் சிரிப்பைக் கேட்ட ஃபிலோமேனா, இன்னிக்குக் கடைசிப் பெஞ்சுல உக்காந்து எனக்குக் கை தட்டறதையும் கேக்கணுமா?” என் கையை விடாமலே சொன்னாள். “யாரும் கை தட்ட வேணாம்னு போய்ச் சொல்லிடும்மா.”